ரிப்போர்ட் இல்லாமல் மருந்து

அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் நெடுநாள் டாக்டராக இருந்தேன். கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதே, "அங்கிள், இது என்ன தடிப்புன்னு பாருங்களேன்" என்று கையை நீட்டுவார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் கிளினிக்கில் கறாராக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. பண ஆசை.

கோயிலில் பார்த்த முகம்தான் அந்தப் பெண். ஒரு நாள் கைக்குழந்தையோடு கிளினிக்குக்கு வந்தாள். கணவரின் விசாவில் வந்தவள். வேலை பார்க்க அனுமதி கிடையாது. ஆனாலும் ஹைவே ஓரத்து மோட்டல் ஒன்றில் ரொக்கச் சம்பளத்துக்கு அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். முந்தின நாள் படுக்கை விரிப்பைச் சுருட்டும்போது உள்ளே கிடந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. யார் போட்டுக்கொண்ட ஊசியோ. எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க மூன்று நாளுக்குள் மாத்திரையைத் தொடங்கியாக வேண்டும்.

"வீட்ல குத்திடுச்சுன்னு போட்டுக்கலாமா அங்கிள்? மோட்டல்னு தெரிஞ்சா எங்க க்ரீன் கார்டே போயிடும்."

வீட்டில் என்றால் கணவரின் இன்ஷூரன்ஸிலிருந்து சாதாரண விசிட்டுக்கான தொகைதான். வேலையிடத்தில் என்றால் ரத்தம் வழியாகத் தொற்றும் அபாயம் பற்றித் தனி ரிப்போர்ட். அதற்கு மோட்டலின் இன்ஷூரன்ஸுக்குத் தனி பில். அது பல மடங்கு.

"பொய் எழுத மாட்டேம்மா."

"அப்போ எங்க குத்துச்சுன்னே எழுத வேணாம். மாத்திரை மட்டும் குடுங்க. கையிலேர்ந்து பே பண்ணிடறேன்."

"வேலை எடத்துலன்னு எங்கிட்ட சொல்லிட்டியே. ரிப்போர்ட் இல்லாம மருந்து எழுத முடியாது. இங்க ரூல் அப்படி."

அப்படி ஒரு ரூல் கிடையாது. மாத்திரையை அப்போதே எழுதிக் கொடுத்திருக்கலாம். பயந்துபோய் ரிப்போர்ட்டுக்குச் சம்மதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். நான் கூப்பிடவில்லை. அன்றைய விசிட்டுக்கு பில் அனுப்பச் சொன்னேன். அதையும் ஒழுங்காகக் கட்டினார்கள்.

சில மாதங்கள் கழித்து ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக்கடையில் குழந்தையைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளாகவே அருகில் வந்தாள்.

"டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ் அங்கிள். ஆனா ஃபைனல் ரிசல்ட் வர்ற வரைக்கும் பயந்துட்டு இவளுக்குப் பால் நிறுத்திட்டேன். பக்கத்துல படுக்க வெச்சுக்கக்கூட பயம். அப்படி அழுவா."

"வேற டாக்டர்கிட்ட போயிருக்கலாமே," என்றேன். எனக்கு அதையும் கேட்க வாய் வந்தது.

"எல்லா எடத்துலயும் அதே ரூல்தானேன்னு போகல. உங்க மேல என்ன தப்பு? நான்தான் ரிப்போர்ட்டுக்கு பயந்து இவளப் போட்டு வதைச்சுட்டேன்."

அந்த ரூல் நான் சொன்ன பொய் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது நின்றிருக்கும்.

"இப்ப நல்லா சாப்பிடறாளா?" என்று கேட்டேன்.

"சாப்பிடறா அங்கிள். தேங்க்ஸ்."

குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.