பதினான்காம் கேள்வி

கண்ணாடிப் பட்டறையில் அவருக்கு ‘அச்சு’ என்று பேர். மூக்குக்கண்ணாடி வில்லையைச் சாணைக்கல்லில் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறபோது, அதன் அச்சு கொஞ்சம் திரும்பினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலிதான். பத்தொன்பது வருடத்தில் அவர் கை பிசகி ஒரு கண்ணாடிகூடத் திரும்பி வந்ததில்லை. “யோவ் அச்சு, ஊரு கண்ணையெல்லாம் நேராக்குறியே, உன் மூக்கு மட்டும் ஏன்யா கோணல்?” என்று யாராவது வம்புக்கு இழுக்காத நாளும் இல்லை.

பிறகு அவருக்கு மனம் நோய்ப்பட்டது. தூக்கம் போயிற்று, யாரோ பின்னால் நின்று பேசுவதுபோல் இருந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரி. தேறித் திரும்பிய அன்று பட்டறையே எழுந்து நின்றது. “வாங்க சார், உக்காருங்க சார்.” அவர் மூக்கைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

முதலாளி நல்ல மனிதர். அதுதான் தொல்லை. “கூரான சாமானெல்லாம் இனிமே உனக்கு எதுக்குப்பா? சம்பளம் அப்படியே வரும். நிம்மதியா இரு” என்று மூலையில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார். கண்ணாடிக் கூட்டுக்குள் துடைக்கும் துணியை மடித்து வைக்கும் வேலை. பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் சுவர்.

வீட்டில் அக்கா கத்தியைப் பரணில் ஏற்றிவிட்டு, பழத்தை நறுக்கித் தட்டில் நீட்டினாள். தினமும் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை விழுங்குகிற முதலாளியிடமிருந்து யாரும் கடைச் சாவியைப் பிடுங்கவில்லை. மூளையும் உடம்பில் ஓர் உறுப்புதான், அதுவும் கெடும், தேறும் என்பது மட்டும் படித்தவர்கள் மண்டையிலும் ஏற மாட்டேன் என்கிறது.

மனநோயிலிருந்து மீண்டவர்கள் வேலையில் நிலைக்கிறார்களா என்று ஆய்வு செய்ய, சமூகப்பணி படிக்கும் பெண் ஒருத்தி மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். ஒரு மணி நேரம் முழுசாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள். ஆறாம் மாதம், கடைசி முறையாக வந்தாள்.

“பதினாலாவது கேள்விண்ணே. வேலையில இருக்கீங்களா? ஆம்தானே?” பேனா அதற்குள் கட்டத்துக்குப் போயிருந்தது.

“இல்லைன்னு போடும்மா.”

“ஐயோ, விட்டுட்டீங்களா?”

“விடல. சம்பளம் வருது. வேலைதான் வரல.”

“சம்பளம் வந்தா ‘ஆம்’ணே. அதான் விதி. எங்க சார் என்னைக் கொன்னுடுவாரு.”

“அவர மூலையில உக்காரவெச்சு ஆறு மாசம் துணி மடிக்கச் சொல்லு. அப்புறம் எந்தக் கட்டத்துல டிக் போடுறார்னு பாப்போம்.”

அவள் சிரித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

‘இல்லை’ என்று பதிவானால், ஆய்வை நடத்தும் மறுவாழ்வு அலுவலகம் முதலாளியிடம் விசாரிக்கும். ஆய்வுக்கு ஒப்புக்கொண்டு முதல் நாளே அவர் கையெழுத்துப் போட்ட தாளில் அது இருந்தது. மூலை மேஜையும் போய்விடலாம் என்று அச்சுவுக்குத் தெரியாமல் இல்லை.

“நல்லா யோசிச்சிட்டீங்களா?”

“யோசிக்கத்தான் ஆறு மாசமா சம்பளம் தர்றாங்க.”

அவள் ‘இல்லை’யில் குறியிட்டுவிட்டுப் போனாள்.

புதன்கிழமை முதலாளி மூலைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“சம்பளத்த வாங்கிக்கிட்டு வேலை இல்லைன்னு எழுதிக் குடுத்தியாமே? நான் உனக்கு என்னய்யா குறை வெச்சேன்?”

“கல்லு குடுங்க முதலாளி.”

“கை கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?”

“இங்க கை கிழியாதவன் யாரு? அவங்கள யாரையும் நீங்க துணி மடிக்க வைக்கலியே.”

முதலாளி வில்லையும் ஃப்ரேமும் இருந்த ஒரு தட்டை எடுத்துச் சாணைக்கல் பக்கம் வைத்தார். “ஒண்ணே ஒண்ணு.”

அச்சு உட்கார்ந்தார். ஆறு பேர் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாத்திரையால் கை லேசாக நடுங்கியது. முழங்கையை மேஜையில் ஊன்றி, நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்து, வில்லையைக் கல்லில் வைத்தார்.

முதலாளி அதை அளவுக் கருவியில் வைத்துப் பார்த்தார். எடுத்துத் துடைத்து மறுபடியும் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு” என்றார், பந்தயத்தில் தோற்றவர்போல. “சரி, எந்திரி. நாளைக்குப் பாக்கலாம்.”

அச்சு எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி அடுத்த தட்டை எடுத்தார்.

முதலாளி தன் அறைக்குப் போய்விட்டார். டீ நேரம் வந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை. வாசலில் அவர்கள் எதற்கோ சிரிப்பது கேட்டது. மூன்றாவது தட்டில் ஒரு குழந்தையின் கண்ணாடி இருந்தது. இடது வில்லை நல்ல தடிமன். கல்லுக்குத் தண்ணீர் விட்டு, அதைத் தேய்க்கத் தொடங்கினார்.