கையில் காப்பு இல்லாத நாட்கள்

எங்கள் ஊர் அம்மனுக்கு வருடத்தில் ஒருமுறை எட்டு நாள் சடங்கு நடக்கும். கோயில் கதவு திறக்கும் நாளில் நேர்த்தி வைத்தவர்கள் கையில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவோம். சடங்கு முடிந்து அதை அறுக்கும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, குடி இல்லை. நானும் ஒரு சொட்டுத் தொடமாட்டேன். அறுத்த அன்றே, பொழுதுபட முன்னம், கசிப்புக் காய்ச்சுகிற இடத்தில் இருப்பேன். நினைத்தால் என்னால் விடமுடியும் என்று அப்படித்தான் நம்பியிருந்தேன். எத்தனை வருடம் அம்மனை ஏமாற்றியிருக்கிறேன்.

சண்டை மூண்டு சனம் சிதறிய வருடம் கோயில் கதவு திறக்கவில்லை. அந்த வருடம் எனக்குக் காப்பும் இல்லை, ஓய்வும் இல்லை. ஒரு காலை ஊருக்குள் ஷெல் விழுந்தபோது மனைவி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வயலுக்குள் ஓடினாள். நான் குடிவெறியில் குசினிக்குள் அடுப்படியில் கிடந்தேன்.

அடுத்த கிழமை அவள் என்னைப் படகில் வாவி கடந்து கூட்டிப்போனாள். நகரத்துப் பக்கம் ஒரு பாதிரியார் குடிகாரருக்கென்று வீடு நடத்தினார். மூன்று மாதம் தங்கவேண்டும். வாசலில் நின்று என் கையில் மஞ்சள் நூலைக் கட்டினாள்.

“இந்தக் குடிய விட்டாத்தான் புள்ளைகள உங்கட கண்ணில காட்டுவன். விளங்கினதா?”

“ஓம் புள்ள,” என்றேன்.

முதல் நாட்களில் உடம்பு உதறியது. வேர்வையில் பாய் நனைந்தது. காலையில் மற்றவர்கள் செபம் சொல்ல, நான் மனதுக்குள் அம்மனைக் கூப்பிட்டேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் காலை, யாரும் சொல்லாமல், பழக்கத்தில் வாவிக்கரைக்குப் போய்ப் பல்லால் நூலைக் கடித்து அறுத்துத் தண்ணீரில் விட்டேன். விட்ட கையோடு தாகம் வந்துவிட்டது. கால் தானாக வாசற்படலைக்குப் போனது.

அங்கே சமையற்காரர் இருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். போர்த்துக்கேய வழிப் பறங்கி மனிசன். அவரும் ஒருகாலம் அந்த வீட்டில் கிடந்து எழும்பியவர்தான்.

“எங்க மச்சான் பயணம்?”

“சும்மா, றோட்டுக்கு.”

“படலை பூட்டில்ல. ஆனா பாலத்தடியில சென்றி கிடக்கு. கை நடுங்கிறவன ஆமிக்காரன் விடமாட்டான். அந்தக் கைய இஞ்ச வச்சிட்டுப் போ.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நூலை அறுத்த கதையைச் சொன்னேன்.

“அப்ப இன்னும் எத்தின நாளைக்குக் கட்டோணும், சொல்லுங்க,” என்று கேட்டேன்.

“நான் எட்டு வருசமாக் கட்டவும் இல்ல, அறுக்கவும் இல்ல,” என்று இரண்டு மீனை என் பக்கம் தள்ளினார். “இதக் கழுவு.”

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களுக்கு ஆட்கள் வருவார்கள். எங்கள் கரைக்குப் போகும் படகை நிறுத்திவிட்டார்கள். வாவிக்கு அங்கால் புகை எழும்பும். எந்த ஊர் என்று தெரியாது. என் வீட்டு ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றும் தெரியாது. அந்த நாட்களில் குடியும் இல்லாமல் இருந்தது, எனக்கென்று இருந்த கடைசித் துணையும் இல்லாமல் போனது போலத்தான்.

மறுபடி படகு விடத் தொடங்கியதும் அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்க முன்னம் கையைப் பார்த்தாள்.

“அறுத்துப்போட்டீங்க. மறுகாவும் குடிச்சிட்டீங்க, என?”

“அம்மன் மேல ஆணை, இல்ல.”

“அம்மனுக்கு எத்தின ஆணை தந்தீங்க!” இடுப்பில் செருகியிருந்த புது நூலை எடுத்தாள்.

“கட்டாத புள்ள. கட்டினா நாள் எண்ணத் தொடங்கிருவன்.”

அவளுக்கு அது விளங்கவில்லை. நூலைத் திரும்பச் செருகிக்கொண்டு, கொண்டுவந்த சோற்றுப் பொதியை நாங்கள் இருந்த மர வாங்கில் வைத்துவிட்டு நேரத்தோடே போய்விட்டாள். நான் படலையைப் பார்த்தபடி இருந்தேன். பிறகு சோற்றைச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மூன்றாவது ஞாயிறு வந்தாள். மற்றப் பிள்ளையை வீட்டில் விட்டு, மகளை மட்டும் கூட்டி வந்திருந்தாள்.

பிள்ளை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பயப்படும். படகு நேரம் வரைக்கும் மூன்று பேரும் ஒரே வாங்கில் இருந்தோம். நடுவில் மனைவி இருந்தாள்.