தனி அறையிலிருந்து நடுக்கட்டிலுக்கு

எங்கள் சேரியிலிருந்து நர்ஸ் ஆன முதல் பெண் அமலா. ஆரணி ஆஸ்பத்திரியில் நோய் பரவாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பேதியோடு போன என்னைத் தனி அறையில் விட்டாள்.

"நம்ம சனத்தையே தள்ளி வைக்கிறியா? இதுக்கா படிச்ச?" என்று கத்தினேன்.

"தொத்துற கிருமியான்னு மெஷின் ஒரு மணி நேரத்துல சொல்லிடும் ஆயா. முன்ன மாதிரி நாள்கணக்கா கெடக்க வேணாம். மலத்த மட்டும் குடு."

"குடுக்கலன்னா?"

"நானும் இங்கியே குந்திகினு இருப்பேன்."

கொடுத்தேன். சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் வந்து கதவைத் திறந்தாள். "தொத்துறது எதுவும் இல்ல, வா!"

எங்கள் சேரிப் பக்கமே வராத நெசவுக்காரப் பெண்கள் படுத்திருந்த பெரிய வார்டுக்குள் என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

"எந்தக் கட்டில் வேணும்?"

"நடுவுல இருக்கறது" என்றேன்.