ஈயச் சிப்பாயின் தழும்பு

வேலூர்க் கோட்டைக்குப் பக்கத்து பங்களாவில் இருந்த கிழட்டுத் துரைக்கு ஒரு பைத்தியம் உண்டு. விரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்களை வார்த்து, பழைய சண்டைகளையெல்லாம் மேசைமேல் மறுபடி நடத்துவார். திப்பு படை, கும்பினிப் படை எல்லாம் முடிந்து, இப்போது ஜெர்மன் சண்டையில் பாஸ்ராவுக்குப் போன மதராஸ் பட்டாளம். அவற்றுக்குத் தன் வீட்டில் வைத்து வர்ணம் பூசுகிறவள் ஜஹீதா. அவள் புருஷன் ரஷீத் அஹமது அந்த நிஜப் பட்டாளத்தோடு போனவன். செத்துவிட்டான் என்று சர்க்கார் தகவல் வந்தது, வேறெதுவும் வரவில்லை.

வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தாள். எல்லாரையும் பலகையில் நிறுத்தி, முதலில் எல்லாருக்கும் சட்டை, காய்ந்ததும் எல்லாருக்கும் வார், கடைசியில் முகம். எவனையும் தனியாகப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை ஓடாது, அடுப்பும் எரியாது.

இந்தத் தடவை மீறிவிட்டாள். கொஞ்ச நாளாக ரஷீதின் முகம் அவள் நினைவுக்குச் சரியாக வரவில்லை. போட்டோவும் கிடையாது. ஐயோ, மறந்தே போய்விடுமோ! ஒருவனை மட்டும் கையில் எடுத்து, இடது புருவத்தில் ஒரு கோடு இழுத்தாள். ஆம்பூர் தோல் ஷாப்பில் தோல் பதனிடும்போது கத்தி பட்டு ரஷீதுக்கு விழுந்த தழும்பு அது. அவ்வளவுதான், முகம் அப்படியே வந்துவிட்டது! துரை வீட்டுக் கண்ணாடி அலமாரியிலாவது பத்திரமாக நிற்கட்டும் என்று அனுப்பி வைத்தாள்.

மறுநாளே அவனைத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தான் மஹபூப் பாஷா. அவள் கொழுந்தன், பங்களாவில் எடுபிடி வேலை.

“பாபி, மூஞ்சில இன்னா கோடு இது? துரை கத்துறாரு. சரி பண்ணலன்னா இனிமே வேலை கெடையாதாம்.”

“நல்லா பாருடா. உன் அண்ணன்தான் அது.”

மஹபூப் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான். “எனக்குத் தெரியுது பாபி. அவருக்கு எப்டித் தெரியும்? அழிச்சிடுங்க. சாயங்காலம் வர்றேன்.”

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. அலுத்துப் போயிருந்தாள். வர்ணம் கரைக்கிற கற்பூரத் தைலத்தில் துணியை நனைத்து ஒரே இழுப்பு. தழும்போடு புருவமும் கண்ணும் போயின. மற்றவர்களுக்குப் போட்ட அதே புருவத்தையும் கண்ணையும் போட்டு, பலகையில் காய்ந்துகொண்டிருந்த அடுத்த வரிசையோடு அவனையும் நிறுத்தினாள். சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப் போனாள்.

சாயங்காலம் மஹபூப் வந்து கை நீட்டினான். “அண்ணன் எங்க பாபி?”

ஜஹீதா பலகை முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொருவனாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்தவனையே மறுபடியும் எடுத்தாள். எல்லாருக்கும் அதே சட்டை, அதே வார், அதே கண்.

“தெரியலடா,” என்றாள். “யாரையாவது ஒருத்தன எடுத்துட்டுப் போ.”