சந்தனத்தில் தெரிந்த பெயர்

என் மேசையில் ஒரு மர இழைப்புளி இருக்கிறது. அமெரிக்காவில் எந்தக் காலத்திலோ ஒரு தச்சர் பலகை ஓரத்தில் வளைவு எடுக்க வைத்திருந்தது. நீளம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். பிடித்துப் பிடித்துக் கறுத்த உடம்பு. முன்முகம் மட்டும் வெளுத்துக் கிடக்கும். அந்த வெளுப்பு நான் செய்த காரியம். அதை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் சில ஆங்கில எழுத்துகளின் மிச்சம் மங்கிய மஞ்சளில் தெரியும். அது சந்தனம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணியின் நினைவு வந்துவிடுகிறது.

அண்ணி என் அண்ணனின் மனைவி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் தாதியாக இருந்தார். கிள்ளானில் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருந்தேன். துறைமுகத்தில் நான் வேலை பார்த்த சரக்குக் கம்பெனியில் ஆட்குறைப்பு என்றதும் முதலில் போனது என் வேலை. நாற்பது தாண்டியவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? சும்மா இருக்க வெட்கப்பட்டு, வெளிநாட்டுப் பழைய மரக்கருவிகளை இணையத்தில் வாங்கிச் சேகரிப்பாளர்களுக்கு விற்க ஆரம்பித்தேன். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணி சாப்பாட்டு மேசையில் பாதியை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

இந்த வியாபாரத்தில் இழைப்புளியைவிட அதைச் செய்தவரின் பெயர்தான் பெரிது. செய்தவர் தம் பெயரையும் ஊரையும் இரும்பு அச்சால் முன்முகத்தில் ஒரு தடவை அடித்திருப்பார். பிறகு வாங்கிய தச்சர்கள், யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கத் தங்கள் பெயரை இரண்டு மூன்று இடத்தில் அடித்து வைப்பார்கள். அப்படி வாங்கியவர் பெயரையே செய்தவர் பெயர் என்று நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். பெயரே தெரியாவிட்டால், வெட்டிரும்பை இறுக்கும் ஆப்பின் தலை எப்படி வளைந்திருக்கிறது, விளிம்பை எப்படிச் சீவியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஆளைத் தேட வேண்டும். லீவு நாளில் அண்ணி, பல் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். என் நோட்டில் நடுக்கோடு போட்டதும் அவர்தான். "பார்த்தத இந்தப் பக்கம் எழுது தம்பி. நெனச்சத அந்தப் பக்கம் எழுது. ரெண்டையும் கலக்காத லா." தினமும் நோயாளிகளின் பல் அட்டையை எழுதிப் பழகிய கை. எனக்கோ அது வீண் வேலையாகத் தோன்றியது.

ஒருமுறை இரண்டு இழைப்புளிகள் ஒரே பெட்டியில் வந்தன. ஒன்றில் பெயர் பளிச்சென்று இருந்தது. மற்றதன் முகம் முழுக்க அழுக்கு. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்ததால், இரண்டையும் செய்தவர் ஒருவரே என்று அமெரிக்காவில் இருந்த ஒரு சேகரிப்பாளருக்கு அடித்துச் சொல்லி எழுதிவிட்டேன். அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் என்னிடம் வாங்குவார்கள். எதிராக ஒரு வார்த்தை சொன்னால் என் கடையை மூட வேண்டியதுதான். அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் எந்தக் கருவியும் அழுக்கோடு சாமி முன்னால் உட்காரக் கூடாது. அந்த அழுக்கு முகத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். மறுநாள் காலையில் அவரிடமிருந்து மின்னஞ்சல்: இரண்டாவது இழைப்புளியின் முன்முகத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பவும்.

தேய்த்துவிட்ட முகத்தில் காட்ட என்ன இருக்கிறது? பக்கத்தில் பண்டமாரானில் இரும்பில் எழுத்து வெட்டுபவர் ஒருவரைத் தெரியும். அதே பெயரில் ஓர் அச்சு செய்து, ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. வெட்கமில்லாமல் இதை அண்ணியிடமே சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டினார். காய்ந்த சந்தனத்தை உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்தார். டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தார்.

"தம்பி, இங்க வா. நீ முழுசா தேய்க்கல."

மேலே இருந்த சந்தனம் போய்விட்டது. எழுத்துகளின் அடிக்குழியில் புகுந்தது மட்டும் போகவில்லை. பெயரில் இரண்டு எழுத்து. அதன் கீழே ஊர்ப் பெயரின் கடைசி மூன்று எழுத்து: டி, ஓ, என்.

"அதே ஊருதான் அண்ணி" என்றேன்.

"அமெரிக்காவுல பாதி ஊரு இப்படித்தான் முடியும். அவசரப்படாத."

முதல் இழைப்புளியையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த 'டி' எழுத்தைக் காட்டினார். அதன் மேல்கோட்டில் வலது முனை உடைந்திருந்தது, ஓரம் சிதறிய பல் போல. இரண்டு முகத்திலும் அதே எழுத்து, அதே உடைசல். ஒரே அச்சு, ஒரே பட்டறை. நான் துள்ளாத குறைதான். "இத பார்த்த பக்கம் எழுது. நீ தேய்ச்சதையும் அதே பக்கம் எழுது" என்றார் அண்ணி.

எழுதினேன். பார்க்காமலே சொன்னதையும், உப்புத்தாளையும், பூஜையையும், உடைந்த எழுத்தையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன். அந்தச் சேகரிப்பாளர், பெயர் தெளிவாக இருந்ததை மட்டும் வாங்கிக்கொண்டார். தேய்த்ததை யாரும் வாங்க மாட்டார்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இனி நீங்கள் எழுதுவதை நான் நம்புவேன் என்று பதில் போட்டார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன். இன்று யாராவது என்னிடம் ஓர் இழைப்புளியை அனுப்பிச் செய்தவர் யார் என்று கேட்டால், நோட்டில் முதலில் நடுக்கோடு போடுகிறேன். பாதி நாள் நினைத்த பக்கம் காலியாகவே இருக்கும். அண்ணிக்கு நான் நன்றி என்று ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

அண்ணி போன மாசியில் தவறிவிட்டார். துக்கம் நடந்த வீடு என்பதால் இந்த வருடம் ஆயுத பூஜை இல்லை. கருவிகள் அனைத்தும் பொட்டில்லாமல் அலமாரியில் இருக்கின்றன. இன்று காலை இந்த இழைப்புளியை மட்டும் எடுத்து ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். அன்றைக்கு அண்ணி துடைக்காமல் விட்ட சந்தனம் அந்த 'டி' எழுத்தில் அப்படியே இருந்தது.