பிரிக்கப்படாத நோட்டீஸ்

புகைமூட்டச் சட்டத்தின்கீழ் புகைக்குக் காரணமான வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும் அரசுப் பிரிவில் நான் வேலை பார்த்தேன். அந்த ஆண்டு கடலுக்கு அப்பால் அண்டை நாட்டில் தோட்டங்கள் எரிந்து புகை இங்கே பரவியதில், பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் எதிர் அடுக்குமாடி புளோக்கே தெரியவில்லை. ஆஸ்துமாக்காரரான என் கணவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போக முடியாமல், இன்ஹேலரும் கையுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

எரிந்த நிலம் யாருடையது என்று கண்டுபிடிக்கவே பல வாரங்கள் ஆயின. செயற்கைக்கோள் படம் ஒன்று சொன்னது, நில வரைபடம் வேறொன்று சொன்னது. கடைசியில் ஒரு நிறுவனத்தின் பெயர் கிடைத்தது. நோட்டீஸை நானே தயாரித்து அனுப்பினேன். அன்று மாலை தேக்கா சந்தையில் கணவருக்குப் பிடித்த மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அது பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. அந்த முகவரியில் அப்படியொரு நிறுவனமே இல்லையாம். நிலமும் வேறு பெயருக்கு மாறியிருந்தது.

"அங்க போய் நாம யாரையும் பிடிக்க முடியாது லா. ஃபைலை க்ளோஸ் பண்ணிடுங்க," என்றார் என் மேலதிகாரி.

வீட்டில் சொன்னேன். "அப்போ அடுத்த வருஷமும் இதேதானா?" என்று கணவர் கேட்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும் மருந்துக்கடைக்குப் போய், அடுத்த புகைக்காலத்துக்கென்று முகக்கவசங்கள் வாங்கி வந்தேன்.