விமானத்துக்கு வைத்த சந்தனம்

அடி அண்ணாமலை ஊர்க்காரன் அருணகிரி வண்டிப் பூசையில் பேர்போன ஆள். புது வண்டி எதுவானாலும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முகப்புக்கு விபூதிப் பட்டை, அப்புறம் கண்ணில் படுகிற ஓட்டைக்கெல்லாம் சந்தனம். திருஷ்டி ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகுமாம். டிராக்டர், லாரி, ஜேசிபி எதுவும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.

அதனால்தான் குவாரி முதலாளி சுரேஷ்குமார் ரெண்டு சீட்டு விமானம் ஒன்று வாங்கி, வேங்கிக்காலுக்கு அந்தாண்ட சொந்த நிலத்தில் ஓடுபாதையும் போட்டபோது, அவனையே கூப்பிட்டார். அவனும் மூக்கிலிருந்து வால்வரை ஓர் ஓட்டை விடவில்லை.

கற்பூரம் அணைந்ததும் முதலாளி ஏறி ஓட்டினார். பனைமர உயரம் போனதும் எஞ்சின் நின்றுபோனது. விமானம் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகள் மேல் குப்புற விழுந்தது. முதலாளிக்குத் தோள் எலும்பு மட்டும் உடைந்தது. ஆம்புலன்ஸில் ஏறும்போதே, எஞ்சினைச் சரியாகப் பார்க்கவில்லை என்று மெக்கானிக் சாந்த் பாஷாவை வேலையைவிட்டுத் தூக்கினார். இந்த வயசில் பாஷாவுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

பாஷா கொல்லையில் இறங்கி, றெக்கைக்கு அடியில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அருணகிரி, இது பெட்ரோல் டேங்குக்குக் காத்து போற ஓட்டைப்பா. இதை அடைச்சா எஞ்சினுக்குப் பெட்ரோல் எப்படி இறங்கும்?"

"ஐயையோ பாய், நான் பண்ணதுக்கு உங்க வேலை போச்சா!" அருணகிரி நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"சார், தப்பு என்னுது. சந்தனம் ஓட்டையை அடைச்சிடுச்சு. பாய் மேல ஒண்ணுமில்ல."

முதலாளி கட்டோடு சிரித்தார். "பூசையால எங்கனா வண்டி விழுமாய்யா? பூசை பண்ணதாலதான் நான் உசுரோட கிடக்கிறேன். அடுத்த விமானத்துக்கும் நீதான்."

எவ்வளவு சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. விழுந்தும் ஆள் சாகாத பூசை என்று ஊரில் அருணகிரிக்குக் கிராக்கி ஜாஸ்தியாகிவிட்டது. பாஷா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் அருணகிரிக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த விமானம் வந்தது. அருணகிரி தட்டோடு போய் நின்றான், கற்பூரம் ஏற்றவில்லை.

"என்னய்யா, நல்ல நேரம் போவுதே?"

"பாய் இல்லாம பூசை பலிக்காது சார். போன தடவ அவர் பக்கத்துல நின்னாரு, நீங்க பொழைச்சீங்க. வேலைக்குச் சேத்துக்கிட்டாதான் ஏத்துவேன்."

உண்மையைச் சொன்னபோது சிரித்தவர், இதைக் கேட்டதும் கார் அனுப்பினார்.

பாஷா வேலைச் சட்டையோடு வந்து இறங்கினார். "பாய், சந்தனத்தை எங்க வெக்கலாம்னு நீங்களே காட்டுங்க," என்றான் அருணகிரி.

பாஷா விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "முதலாளி நெத்தியில வை."

முதலாளி தலையைக் குனிந்து கொடுத்தார்.